கல்லில் எழுதியதும் எழுதாமல் விட்டதும்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது புதைகுழிகளைப் பற்றி. கூலி, போனஸ், குத்தகை என்று பேச எத்தனையோ இருக்க, செத்தவர்களின் குழியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். பட்டினியால் செத்தவனுக்குக் கல் நடுகிறவர் யார், அந்தக் கல்லில் என்ன எழுதுகிறார்கள், எதை எழுதாமல் விடுகிறார்கள் என்பதிலும் வர்க்கப் போராட்டம் நடக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்றைய பேச்சு.

நாம் சொல்லப்போவது அயர்லாந்தின் கதை. இங்கிலாந்துக்கு மேற்கே கடலில் இருக்கும் தீவு அது. நம்மை அடிமைப்படுத்துவதற்கு முன்பே பிரிட்டிஷ் ஆளும் வர்க்கம் அடிமைப்படுத்திய தேசம். அங்கே 1845 முதல் 1852 வரை பெரும் பஞ்சம் தலைவிரித்தாடியது. சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் ஜுரத்தாலும் மாண்டார்கள். இன்னும் 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஊரைவிட்டுக் கப்பலேறிப் போனார்கள். 1841 ஜனக்கணக்கில் அந்தத் தீவில் 81 லட்சம் பேர் இருந்தார்கள். 1851 கணக்கில் இருந்தவர்கள் 65 லட்சம். இன்றுவரை அந்தத் தீவின் மொத்த ஜனத்தொகை 1841-ன் அளவுக்குத் திரும்பவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

கிழங்கு அழுகியது, தானியம் கப்பலேறியது

அயர்லாந்தில் நிலம் நிலப்பிரபுக்களுடையது. அவர்களில் பலர் அந்த மண்ணில் குடியிருந்ததே இல்லை. லண்டனில் இருந்தார்கள், ஏஜெண்டு வசூலித்து அனுப்பினான். உழுதவன் கோதுமையும் ஓட்ஸும் விளைத்தான். மாடும் பன்றியும் வளர்த்தான். அதெல்லாம் குத்தகைக்குப் போயிற்று. அவன் வயிற்றுக்கு என்ன? குடிசைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம், அதில் உருளைக்கிழங்கு. சொந்தக் குத்தகைகூட இல்லாத கூலிக்காரன், ஒரு பருவத்துக்கு மட்டும் துண்டு நிலத்தை வாடகைக்குப் பிடித்துக் கிழங்கு போட்டான். வாடகையை உழைத்துக் கழித்தான். இப்படிக் கிழங்கை மட்டுமே நம்பி உயிர் வாழ்ந்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர்.

1845-ல் கிழங்குச் செடியில் கருகல் நோய் வந்தது. 1846-ல் ஏறக்குறைய மகசூல் முழுவதும் அழுகிப் போயிற்று. 1848-ல் மறுபடியும் அழுகியது. இந்த நோய் ஐரோப்பாவின் மற்ற தேசங்களுக்கும் வந்ததுதான். அங்கேயும் ஜனங்கள் கஷ்டப்பட்டார்கள். ஆனால் பத்து லட்சம் பேர் சாகவில்லை.

அயர்லாந்தில் மட்டும் ஏன் செத்தார்கள்? தானியம் விளைந்தது, அது குத்தகைக்குச் சேர்ந்தது. பஞ்ச காலத்திலும் ஓட்ஸ், வெண்ணெய், கால்நடை எல்லாம் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன. வெளியிலிருந்தும் தானியம் வந்தது, மெய்தான். 1847-ல் அமெரிக்க மக்காச்சோளம் ஏராளமாக வந்து இறங்கியது. ஆனால் அதற்குள் குளிர்காலம் போயிருந்தது, ஜனங்கள் விழுந்திருந்தார்கள். வந்ததை வாங்கக் கையில் காசும் இல்லை. காசு இல்லாதவனுக்குச் சந்தையில் தானியம் இருந்தென்ன, இல்லாமல் போனால் என்ன?

கஞ்சித் தொட்டியை மூடியவர்கள்

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தது. அதைக் கேட்டால்தான் குற்றம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

முதலில் ரோடு போடும் வேலை கொடுத்தார்கள். 1847 மார்ச்சில் 7 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அந்த வேலையில் இருந்தார்கள். கொட்டும் பனியில், வயிற்றில் ஒன்றுமில்லாமல் கல் உடைத்தார்கள். எந்த ஊருக்கும் போகாமல் மலையடிவாரத்தில் பாதியில் நிற்கும் அந்த ரோடுகள் இன்றும் இருக்கின்றன. கூலி தானிய விலைக்குக் கட்டவில்லை. வேலை செய்தபடியே செத்து விழுந்தார்கள்.

பிறகு அதை நிறுத்திவிட்டுக் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். 1847 ஜூலையில் நாளொன்றுக்குச் சுமார் 30 லட்சம் பேருக்குக் கஞ்சி ஊற்றினார்கள். தோழர்களே, இதைக் கவனியுங்கள். அந்தக் காலத்திலேயே, கிராமம் கிராமமாக, 30 லட்சம் பேருக்குத் தினமும் கஞ்சி ஊற்ற அந்த சர்க்காரால் முடிந்தது. சாவு குறைந்தது. சில மாதங்களில் தொட்டியை மூடிவிட்டார்கள்! கஞ்சி காய்ச்சிய இரும்புக் கொப்பரைகளைப் பல ஊர்களில் இன்றும் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

ஏன் மூடினார்கள்? ‘அயர்லாந்தின் ஏழைகளை அயர்லாந்தின் சொத்தே காப்பாற்றட்டும்’ என்று கொள்கை வகுத்தார்கள். வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது, இலவசமாகக் கொடுத்தால் ஏழை சோம்பேறியாவான் என்றார்கள். 1847 சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது. கால் ஏக்கர் என்றால் நம் கணக்கில் 25 சென்ட். ஒரு வாய்க் கஞ்சி வேண்டுமா, நிலத்தை ஒப்படைத்துவிட்டு வா! ஒப்படைத்தவனின் குடிசையை இடித்தார்கள். நிலத்தைச் சேர்த்து மாடு மேய்த்தார்கள். பஞ்சத்தை வைத்து நிலப்பிரபுக்கள் தங்கள் நிலத்தைக் காலி செய்துகொண்டார்கள்.

பணம் இல்லை என்று சொல்ல முடியுமா? ஏழு வருஷப் பஞ்சத்துக்கு லண்டன் கஜானா செலவிட்டது சுமார் 80 லட்சம் பவுன்; அதிலும் பெரும்பகுதி கடன். அதே சர்க்கார் 1833-ல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது, அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு நஷ்ட ஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கியது. எஜமானனுக்கு 2 கோடி. பசித்தவனுக்கு 80 லட்சம்!

மார்க்ஸ் 1867-ல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதல் பாகத்தில் அயர்லாந்துக்குத் தனி இடம் கொடுத்து எழுதியிருக்கிறார். எங்கெல்ஸ் 1856-ல் அயர்லாந்துத் தொழிலாளிப் பெண்ணான மேரி பர்ன்ஸுடன் அந்தத் தேசத்தைச் சுற்றி வந்து, பாழடைந்து கிடந்த கிராமங்களைக் கண்ணால் பார்த்தார்.

குழிகள் சொன்ன சாட்சி

செத்தவர்களை எங்கே புதைத்தார்கள்? தெற்கே கார்க் ஜில்லாவில் ஸ்கிபரீன் என்று ஓர் ஊர். அதன் பக்கத்தில் ஆபிஸ்ட்ரூரி இடுகாட்டில் ஒரு புல்வெளி இருக்கிறது. அங்கே 8,000 முதல் 10,000 பேர் வரை பெரிய குழிகளில் புதைந்து கிடக்கிறார்கள். தனிக் கல் கிடையாது, பெயர் கிடையாது. அந்தப் பகுதியில் அடியில் கீல் வைத்த சவப்பெட்டியைப் பயன்படுத்தினார்கள். குழிக்கு மேலே கொண்டுபோய் அடிப்பலகையைத் திறந்தால் பிணம் விழும். பெட்டி அடுத்த பிணத்துக்குத் திரும்பும். செத்தவனுக்குப் பெட்டிகூடச் சொந்தமில்லை.

கில்கென்னி என்ற நகரத்தில் ஏழைகளுக்கான வேலை விடுதி இருந்தது. அதன் பெயர்தான் விடுதி. உள்ளே நுழைந்தவுடன் புருஷனை ஒரு பக்கம், பெண்ஜாதியை ஒரு பக்கம், பிள்ளைகளை ஒரு பக்கம் பிரித்துவிடுவார்கள். நிற்க இடமில்லாமல் கூட்டம் நெருக்கியது. ஜுரம் பரவியது. செத்தவர்களை விடுதி மதிலுக்குள்ளேயே புதைத்தார்கள். காலம் போயிற்று, இடம் மறந்து போயிற்று. நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலான பிறகு, அங்கே கடைவளாகம் கட்டுவதற்காகத் தோண்டியபோது எலும்புகள் வெளிவந்தன. 2006-ல் நிதானமாகத் தோண்டி எடுத்து எண்ணினார்கள். குறைந்தது 970 பேர். அதில் பாதிக்கு மேல் குழந்தைகள்.

எலும்பு பொய் சொல்லாது, தோழர்களே. ஆராய்ந்து பார்த்தவர்கள் அந்த எலும்புகளில் ஸ்கர்வி நோயின் தடயத்தைப் பரவலாகக் கண்டார்கள். கிழங்கில் இருந்த சத்து போய், வெறும் மக்காச்சோளக் கஞ்சியில் உயிரை ஓட்டியதால் வந்த நோய் அது. ஆஸ்பத்திரிப் பேரேட்டில் ‘ஜுரம்’ என்று எழுதியிருக்கலாம். எலும்பில் ‘பசி’ என்று எழுதியிருந்தது. 2010-ல் அவர்களை மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்து, அந்த வளாகத்திலேயே நினைவுத் தோட்டம் அமைத்தார்கள்.

ஒரே சிலுவை, மூன்று பாஷை

தப்பித்துப் போனவர்கள் கதி என்ன? ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்ற இடத்தில் ஒரு பண்ணை. அதன் நிலப்பிரபு மேஜர் டெனிஸ் மஹோன். குடியானவர்களை வேலை விடுதியில் வைத்துச் சோறு போட வரி கட்டுவதைவிட, கப்பல் கூலி கொடுத்து அனுப்பிவிடுவது மலிவு என்று அந்தப் பண்ணையில் கணக்குப் போட்டார்கள். 1847-ல் 1,490 பேரைக் கிளப்பினார்கள். நடத்தியே டப்ளின் நகரம் வரை கொண்டுபோய், லிவர்பூல் வழியாகக் கனடாவுக்குக் கப்பலேற்றினார்கள். ஏராளமானவர்கள் வழியிலேயே செத்தார்கள். அந்த வருஷக் கடைசியில் மேஜரை யாரோ சுட்டுக் கொன்றார்கள். அவருடைய மாளிகையை ஒட்டி 1994-ல் பஞ்ச மியூசியம் திறந்தார்கள். பண்ணைக் கணக்குப் புத்தகங்களே இன்று அங்கே சாட்சி சொல்கின்றன.

அந்தக் கப்பல்களுக்கு ஜனங்கள் வைத்த பெயர் சவப்பெட்டிக் கப்பல். கனடாவில் செயின்ட் லாரன்ஸ் நதியில் குரோஸ் ஈல் என்ற தீவு இருக்கிறது. நோயாளிகளை இறக்கிவைக்கும் தீவு அது. 1847-ல் மட்டும் 5,000-க்கு மேற்பட்டவர்களை அங்கே புதைத்தார்கள்.

1909-ல் அமெரிக்கக் கண்டத்தில் குடியேறிய அயர்லாந்து மக்களின் சங்கம், அந்தத் தீவின் உச்சியில் உயரமான கற்சிலுவை நிறுத்தியது. அதில் மூன்று பாஷையில் எழுதியிருக்கிறது: ஆங்கிலம், பிரெஞ்சு, அயர்லாந்தின் தாய்மொழியான ஐரிஷ். ஒரே கல், ஒரே சாவு. ஆனால் ஒரே விஷயத்தை எழுதவில்லை!

தங்கள் மத நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்காகப் பசியையும் நாடு கடத்தலையும் தாங்கி, ஜுரத்தில் மாண்டவர்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. சட்டம் போட்டவனைப் பற்றியோ, நிலப்பிரபுவைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. ஐரிஷ் பாஷையில் வேறு விதம். அன்னியக் கொடுங்கோலர்களின் சட்டங்களிலிருந்தும், மனிதர்கள் உண்டாக்கிய பஞ்சத்திலிருந்தும் தப்பி ஓடிவந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இந்தத் தீவில் மாண்டார்கள் என்ற பொருளில் எழுதியிருக்கிறது. ஆள்பவன் படிக்கும் பாஷையில் மழுப்பல். செத்தவன் பேசிய பாஷையில் உண்மை. அந்தப் பாஷையைப் பேசிய ஏழை ஜனங்களைத்தான் பஞ்சம் அதிகமாகக் கொண்டுபோயிற்று. அதனால் உண்மையைப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைந்து போனார்கள்.

1992-ல் கனடா சர்க்காரின் இலாகா அந்தத் தீவைப் பூங்காவாக்கத் திட்டம் போட்டது. கனடா, நம்பிக்கையும் வரவேற்பும் தந்த நாடு என்று காட்டுவதே திட்டம். ஐயாயிரம் பேர் புதைந்த இடத்தில் வரவேற்பா? அயர்லாந்து வம்சாவளி மக்கள் கொதித்து எழுந்தார்கள். கூட்டம் போட்டார்கள்; மனுக்களைக் குவித்தார்கள். சர்க்கார் இறங்கி வந்தது. 1996-ல் அந்த இடத்துக்கு ‘குரோஸ் ஈல், அயர்லாந்து நினைவிடம்’ என்றே பெயர் வைக்க ஒப்புக்கொண்டது. கல்லுக்காகவும் போராட வேண்டும், தோழர்களே. போராடினால் ஜெயிக்கலாம்.

தொழிலாளர் நட்ட கல்

மில் தோழர்களுக்காக முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான்.

அதே நதியில் மேலே போனால் மாண்ட்ரியல் நகரம். 1847-லும் 1848-லும் அங்கே ஆற்றங்கரைக் கொட்டகைகளில் 6,000 பேர் ஜுரத்தில் மாண்டார்கள். அவர்களுக்குப் பணிவிடை செய்யப்போன கன்னிமார்களும், நகரத்தின் மேயரான ஜான் மில்ஸும்கூட அந்த ஜுரம் தொற்றி இறந்தார்கள். புதைத்த இடத்தில் புல் முளைத்தது. சில வருஷங்கள் போயின. அந்த இடத்தில் விக்டோரியா மகாராணி பெயரில் ரயில் பாலம் கட்டத் தொடங்கினார்கள். வேலைக்கு வந்த கூலிகளில் அயர்லாந்துக்காரர்கள் பலர். மண்ணை வெட்டும்போது எலும்பு வந்தது.

அந்தக் கூலிகள் யார்? கண்டிராக்டரிடம் தினக்கூலி வாங்குகிறவர்கள். கையில் காசு இல்லை, அதிகாரம் இல்லை. பாலம் முடிந்ததும் இந்த இடத்தில் என்ன கட்டுவார்களோ, எலும்பை எங்கே வீசுவார்களோ என்று அவர்கள் கவலைப்பட்டார்கள். ஆற்றுப் படுகையிலிருந்து எடுத்த சுமார் 30 டன் எடையுள்ள கரும்பாறையைக் கொண்டுவந்து, 1859-ல் அந்தக் குழிகளின் மேல் நிறுத்தினார்கள். கப்பல் ஜுரத்தில் மாண்ட 6,000 பேரின் எலும்புகளை யாரும் அவமதிக்காமல் காப்பதற்காகப் பாலத் தொழிலாளர்கள் நிறுத்திய கல் என்று அதில் வெட்டிவைத்தார்கள். கறுப்புப் பாறை என்று இன்றும் அதற்குப் பெயர்.

ராஜாவும் பாதிரியும் சர்க்காரும் நினைக்காததைத் தினக்கூலிக்காரன் நினைத்தான்! ஒன்றையும் மறைக்காமல் சொல்வோம்: அந்தக் கல்லிலும் ‘கப்பல் ஜுரம்’ என்றுதான் இருக்கிறது. ஜுரத்துக்குக் காரணமான பசியோ, பசிக்குக் காரணமான சட்டமோ இல்லை. கண்டிராக்ட் கம்பெனியின் பெயரும் கல்லில் இருக்கிறது. அந்தத் தொழிலாளர்களால் அவ்வளவுதான் எழுத முடிந்தது. ஆனால் எலும்பைக் காப்பாற்றினார்கள். எழுத வேண்டிய மிச்சத்தைப் பின்னால் வந்தவர்கள் எழுத, இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

1900-ல் ரயில்வே கம்பெனி தன் சௌகரியத்துக்காக அந்தப் பாறையைப் பெயர்த்து வேறு சதுக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. ஜனங்கள் விடவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் வழக்காடிப் பழைய இடத்தின் பக்கமே மீட்டுக் கொண்டுவந்தார்கள். இன்று அது ஒரு ரோட்டின் நடுவே வண்டிகளுக்கு மத்தியில் நிற்கிறது. 2019-ல் புது ரயில் பாதைக்குத் தூண் போடத் தோண்டியபோது, மறுபடியும் எலும்புகள் வெளிவந்தன. தொழிலாளர் சொன்னது சரிதான் என்று மண்ணே மறுபடியும் சொல்லிற்று.

சென்னைக்கும் இலங்கைக்கும் வந்தவர்கள்

இதெல்லாம் எங்கேயோ நடந்தது, நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்தை லண்டன் கஜானாவிலிருந்து நடத்திய பெரிய அதிகாரி சார்லஸ் டிரெவெலியன். மந்திரிகளின் கொள்கையைக் கொஞ்சமும் இளகாமல் அமல் நடத்தியவர். பஞ்சத்தைத் தெய்வச் செயலாகக் கண்டு 1848-ல் புத்தகமே எழுதினார். அதே வருஷம் அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. பிறகு எங்கே போனார்? 1859-ல் நம் சென்னைக்குக் கவர்னராக வந்தார்! சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்தப் பூங்கா அவர் காலத்தில் உண்டானது.

25 சென்ட் சட்டப் பிரிவைப் பார்லிமெண்டில் கொண்டுவந்தவர் வில்லியம் கிரெகரி. அயர்லாந்து நிலப்பிரபுக் குடும்பத்துக்காரர். அவர் எங்கே போனார்? 1872 முதல் 1877 வரை இலங்கைக்குக் கவர்னர்! நுவரெலியாவில் இருக்கும் கிரெகரி ஏரி அவர் பெயரில்தான் இருக்கிறது. கொழும்பு மியூசியத்தின் முன்னால் அவருக்குச் சிலையும் நிற்கிறது.

அதே காலத்தில்தான், 1876 முதல் 1878 வரை, நம் ஜனங்கள் இன்றும் சொல்லும் தாது வருஷப் பஞ்சம் சென்னை ராஜதானியைச் சூறையாடியது. லட்சக்கணக்கில் செத்தார்கள். அப்போதும் தானியம் கப்பலேறியது. அப்போதும் வியாபாரத்தில் தலையிடாதே என்றார்கள். 1877-ல் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலையில் இருந்த ஆணுக்கு நாளொன்றுக்குத் தானியம் ஒரு ராத்தலாகக் குறைத்தார். உழைக்கிறவன் இதில் உயிர் வாழ முடியாது என்று சென்னையின் சுகாதார அதிகாரி கார்னிஷே எதிர்த்தார். தப்பிப் பிழைக்க இங்கிருந்து ஏராளமானோர் இலங்கைத் தோட்டங்களுக்கு ஓடினார்கள். கிரெகரியின் ஏரியைச் சுற்றியுள்ள மலைகளில் உழைத்த ஜனங்கள் அவர்களும் அவர்களுடைய சந்ததியும்தான். அயர்லாந்தில் 25 சென்ட். சென்னையில் ஒரு ராத்தல். பாடப்புத்தகம் ஒன்றுதான், தோழர்களே!

ஏழை ஏழைக்குத் தந்தது

இருட்டு மட்டும்தானா இந்தக் கதையில்? இல்லை.

1847-ல் அமெரிக்காவின் பூர்வகுடிகளான சாக்டா மக்கள் அயர்லாந்துப் பஞ்சத்தைக் கேள்விப்பட்டார்கள். அவர்களைப் பதினாறு வருஷங்களுக்கு முன்னால்தான் அமெரிக்க சர்க்கார் சொந்த மண்ணிலிருந்து கிளப்பி, நூற்றுக்கணக்கான மைல் நடத்தி விரட்டியிருந்தது. ஆயிரக்கணக்கில் வழியிலேயே செத்தவர்கள் அவர்கள். தங்களிடம் இருந்ததைத் திரட்டி 170 டாலர் அனுப்பினார்கள். கல்கத்தாவில் திரட்டிய நிதியும் அயர்லாந்துக்குப் போயிற்று.

அயர்லாந்து மறக்கவில்லை. கார்க் ஜில்லாவின் மிடில்டன் ஊரில் 2017-ல் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். எஃகில் செய்த ஒன்பது கழுகு இறகுகள், ஒவ்வொன்றும் 20 அடி உயரம், வெறும் கிண்ணம்போல் வட்டமாக நிற்கின்றன. 2020-ல் கொரோனா நோயில் அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் தத்தளித்தபோது, அந்தப் பழைய கடனை நினைத்து அயர்லாந்து ஜனங்கள் பணம் அனுப்பினார்கள்.

மேயோ ஜில்லாவில் டூலோ என்ற பள்ளத்தாக்கு. 1849 மார்ச் மாதக் கடைசியில், நிவாரணத்துக்கு மனுச் செய்த ஏழைகளை மேல்பார்வை பார்க்க வேண்டும் என்று அதிகாரிகள் ஒரு பங்களாவுக்கு வரச் சொன்னார்கள். பத்து மைலுக்கு மேல், குளிரில், கந்தலோடு நடந்து போனார்கள். ஒன்றும் கிடைக்காமல் திரும்பினார்கள். வழியில் பலர் விழுந்து செத்தார்கள். இன்று அந்த வழியில் வருஷா வருஷம் ஜனங்கள் நடக்கிறார்கள். தென் ஆப்பிரிக்க நிறவெறியை எதிர்த்துப் போராடிய டெஸ்மண்ட் டுட்டுவும் 1991-ல் அங்கே நடந்தார். அங்கே நிற்கும் கல், 1849-ல் நடந்த பசித்தவர்களை மட்டும் நினைக்கவில்லை. இன்றைக்கு ஏழை நாடுகளில் பசியோடு நடப்பவர்களையும் சேர்த்து நினைக்கிறது. அதில் நம் காந்தியின் வாசகமும் பொறித்திருக்கிறது.

டப்ளின் துறைமுகத்தில் 1997 முதல் வெண்கல உருவங்கள் நிற்கின்றன. எலும்பும் தோலுமான ஆணும் பெண்ணும், துணி மூட்டையை அணைத்தபடி, கப்பலை நோக்கி நடக்கிறார்கள். பின்னால் ஒரு நாய். அவர்களுக்குப் பக்கத்திலேயே பாங்குகளின் கண்ணாடிக் கட்டடங்கள். அதே 1997-ல் பிரிட்டிஷ் பிரதமர் பிளேர் பெயரில் ஒரு செய்தி வாசித்தார்கள். லண்டனில் ஆண்டவர்கள் மக்களைக் கைவிட்டார்கள் என்று அதில் ஒப்புக்கொண்டிருந்தது. 150 வருஷம் கழித்து! அதையும் உதவியாளர்களே எழுதி அனுப்பினார்கள் என்று 2021-ல் வெளியான சர்க்கார் கோப்புகளிலிருந்து தெரிந்தது. அயர்லாந்து சர்க்கார் 2008 முதல் ஆண்டுதோறும் தேசிய நினைவு நாள் நடத்துகிறது.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! சுருக்கமாகச் சொல்லி முடிப்போம்.

பட்டினிச் சாவுக்குக் கல் நடும்போது ஆளும் வர்க்கம் மூன்று வார்த்தைகளில் ஒன்றை எழுதும்: தெய்வச் செயல், ஜுரம், கிழங்கு அழுகல். நிலம் யாரிடம் இருந்தது, தானியம் எங்கே போயிற்று, கஞ்சித் தொட்டியை மூடியது யார் என்பதை எழுதாது. அந்தக் கேள்விகளை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே, நம் கிராமங்களில் தாது வருஷத்துக் கதை தெரிந்த கிழவன் கிழவி யாராவது இருந்தால், அவர்கள் பாட்டன் பூட்டன் சொன்னதைக் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். கஞ்சித் தொட்டி இருந்த இடம், மொத்தமாகப் புதைத்த இடம் என்று ஜனங்கள் சொல்லும் திடல் எதுவும் இருந்தால் குறித்து வையுங்கள். பெயர் தெரிந்தால் பெயர். சாதி, தெரு, செய்த வேலை தெரிந்தால் அதுவும். படித்த இளைஞர்கள் இதற்கு உதவ வேண்டும்.

இன்று ஒரு குடிசையில் சாவு விழுந்தாலும் நாம் போய்க் கேட்க வேண்டும். எத்தனை நாளாக அடுப்பு எரியவில்லை? கடைசியாக எப்போது கூலி கிடைத்தது? ரேஷன் கார்டு இருந்ததா? அதிகாரி ‘நோய்’ என்று எழுதிவிட்டுப் போனால், விசாரித்துக் கண்ட உண்மையை நாம் எழுதி மனுவாகக் கொடுக்க வேண்டும். நம் பத்திரிகைக்கும் அனுப்ப வேண்டும். ரேஷன் கடையில் அரிசி நின்றால் பேசாமல் திரும்பி வரக் கூடாது. தினமும் 30 லட்சம் பேருக்கு 1847-லேயே கஞ்சி ஊற்ற முடிந்தது என்பதை மறக்காதீர்கள். ‘முடியாது’ என்று எந்த சர்க்கார் சொன்னாலும் அந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

மாண்ட்ரியல் பாலத்தில் மண் வெட்டிய கூலி, எலும்பைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே வைத்தான். இது யாருடைய எலும்பு என்று கேட்டான். பாலத்துக்கு ராணியின் பெயரை வைத்தார்கள். செத்தவர்களுக்குக் கல் வைத்தவன் தொழிலாளி. நாம் அவன் வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள். அவன் எழுதாமல் விட்டதை எழுதி முடிப்பது நம் வேலை.